ஐந்து லீற்றர்

கல்லடிப் பெற்றோல் செட் வரிசையில்
முந்நூற்றுப் பதினாறாவது ஆளாய்
ஓட்டோவுக்குள் காலை மடக்கிப் படுத்திருந்தபோது
ஏஜென்சிக்காரன் கோல் எடுத்தான்.
'டயர் வேலை தெரியுமா?'
தெரியும் என்றேன்.
கிரான்குளத்தில் கொட்டுகிற மழையில்
மூன்று பொம்பிளைப் பிள்ளைகளையும் ஒரு ஆட்டையும்
இறக்காமலே சில்லு மாற்றியவன் நான்.
'கார் ரேஸ். நாலு மாசம். நாளைக்கே மெடிக்கலுக்கு வா.'
வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்றேன்.
அவன் சிரித்தான்.

வசந்தமலர் இரண்டு காப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழற்றினாள்.

அங்கே சில்லு மாற்றுகிறவர்கள் வேறு ஆட்கள்.
ஒரே நிற உடுப்பு.
பன்னிரண்டு செக்கனில் முடித்துவிட்டு
தங்களுக்குத் தாங்களே கைதட்டுவார்கள்.
எனக்குத் தந்தது செத்த டயர்.
துளைத்து, ஆணி முறுக்கி,
ஆறாறாய்க் கட்டி, சிவப்பும் வெள்ளையும் பூசி
மதிலாய் அடுக்க வேண்டும்,
மோதுகிறவன் சாகாமல் இருக்க.

கார்கள் பார்வைக்கு வீட்டுக் கார்தான்.
கிட்டப் போனால் முன்விளக்கு இரண்டும் ஸ்டிக்கர்.
கதவு திறக்காது.
ஓட்டுகிறவன் ஜன்னலால் புகுவான்,
திருவிழாவுக்குப் போற பஸ்ஸில் நாங்கள் சீட் பிடிப்பதுபோல.
இதை வொய்ஸில் சொன்னேன்.
இரண்டரை மணித்தியாலம் முந்திய ஊரிலிருந்து
மலரின் பதில் வந்தது:
'விளக்கில்லாத காரா? மறுகா பொலிஸ் பிடிக்கிறதில்லையா?'

ரேஸ் இரவு.
இருநூறு சுற்று, எல்லாம் இடப்பக்கம் கிறுகி,
புறப்பட்ட இடத்துக்கே.
காதுக்கு மூடி தந்திருந்தார்கள்.
நெஞ்சாங்கூட்டுக்குத் தரவில்லை,
அதற்குள் ஒரு நெல் மில் ஓடிக்கொண்டிருந்தது.
நேபாளி டில்லிராமும் நானும் மதிலுக்குப் பின்னால்
நெருப்பணைக்கிற போத்தலோடு,
பாதைக்கு முதுகு காட்டி.
அப்படி நிற்கத்தான் சம்பளம்.

நூற்றுப் பதினோராம் சுற்றில்
இருபத்தேழாம் நம்பர் என் மதிலில் ஏறியது.
நான் முறுக்கிய ஆணி ஒன்றும் கழரவில்லை.
அவன் ஜன்னலால் வெளியே வந்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
டயரை இரண்டு தரம் தட்டிவிட்டுப் போனான்,
மாட்டைத் தட்டுவதுபோல.

விடியப்புறம் அந்தக் காரின் டாங்கியை வடிக்கச் சொன்னார்கள்.
நாற்பது லீற்றர், நீலப் பீப்பாய் நிறைய.
இதை எங்கே வைக்க?
கழிவோடு வை.

கிழமைக்கு ஐந்து லீற்றர் எங்கள் கியூஆர்.
எட்டுக் கிழமை அந்தப் பீப்பாய்க்குள் மணத்தது.
ஆனி மாதம், பெற்றோல் இல்லை என்று
நான் கேற்றடியில் நின்று கைவிரித்த பிரசவக்காரியும்.
சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனார்கள்.
பிள்ளை சுகம்.
அந்தச் சைக்கிள் சந்தி திரும்பும் வரை
ஒரு லீற்றர் ஒளித்து வைத்திருந்தவன் நான்.

மூடியை இறுக்கினேன்.
பிறகு நாள் முழுக்க
சோற்றுக் கையிலும் அந்த மணம்.

வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள்,
யார் வெண்டது?
தெரியாது.
ஒரு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.
ஒரு காப்பு கைக்கு வந்துவிட்டது,
மற்றது வங்கியில்.

நேற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடி.
பின்சீட்டில் மணலை மீன் கூடையோடு பாக்கியதேவி.
திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை.
ஒரு தரம் சுற்றினேன்.
இன்னொரு தரம்.
அங்கே இடம், இங்கே வலம்.
மீன் தண்ணீர் தட்டில் சரிந்து சரிந்து ஓடியது.
மூன்றாம் சுற்றில் அவள் என் தோளைத் தொட்டாள்:
'என்ன தம்பி, நேர்த்தியா?'